வாழை நட்ட ரோடு

ஜெயபாய்க்குக் கோபமே வராது என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள். அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுவிடுகிறேன், அதுதான் விஷயம். திருவனந்தபுரத்துக் கரமனையில் பிறந்து, கரமனையிலேயே வாழ்க்கைப்பட்டு, தலை நரைக்கும்வரை இந்தச் சாலைத் துறையில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் உதவிப் பொறியாளர் ராஜஸ்ரீக்கு, அதாவது எனக்கு, வாய் நீளம் என்பது ஊரறிந்த சங்கதி. இந்த வாயை வைத்துக்கொண்டு ஜெயபாயைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் நடுநடுவே யாரையாவது திட்டத்தான் செய்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயபாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் வீட்டுக்குப் போகும் ரோடு ஒரு வருஷத்துக்குள் சரியாக வேண்டும். சரியானால் அவள் புருஷன் எழுந்து நடக்க வழி உண்டு. சரியாகாவிட்டால் இல்லை. ரோட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் முதலில் கேட்டேன்.

அவள் அப்பா மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்ட வந்து பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றிலேயே தங்கிவிட்டவர். ஜெயபாய் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், பேசுவது தமிழ், சண்டை போடத் தெரியாதது இரண்டு மொழியிலும். நெடுமங்காட்டில் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்கு இருந்தபோது மாடியில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தூசி கம்ப்யூட்டரில் விழுகிறது என்று கடைக்காரர் இவளை மேலே அனுப்பி மேஸ்திரியைத் திட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். இவள் போய்த் திட்டிய அழகு, ஆறு மாதத்தில் கல்யாணத்தில் முடிந்தது. மேஸ்திரி வன்னியராஜ், தென்காசிப் பக்கத்துக்காரர். கை சுத்தம், வேலை சுத்தம், பேச்சில் எப்போதும் ஒரு குறும்பு.

கல்லாற்றில் பொன்முடி ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறுகிறது ஒரு ரோடு. அதன் கடைசியில் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தில் வன்னியராஜ் தம் கையாலேயே வீடு கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கட்டிய வீடு. இவள் மணல் சுமந்திருக்கிறாள். கூலி ஆள் ஒருத்தரைக்கூட வைக்கவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு கர்வம்.

எங்கள் ஆபீசுக்கு அவள் காண்டிராக்டில் வந்தாள். ரோடுகளை அளக்க எங்களிடம் ஒரு வண்டி உண்டு. முன்னால் தாழ்வாக ஒரு கம்பி, அதில் லேசர். மேலே கேமராக்கள். அது ஒரு ரோட்டில் ஓடினால் எங்கே மேடு, எங்கே பள்ளம், எவ்வளவு குலுக்கல் என்று தானே எழுதிக்கொள்ளும். கேமரா எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, இது வெடிப்பு, இது குழி, இது ஓரம் உடைந்தது என்று குறி போடுவது ஜெயபாயின் வேலை. பெரிய மேதாவித்தனம் ஒன்றும் வேண்டாம். கண் வலிக்காமல் இருந்தால் போதும். அவளுக்குச் சாயங்காலமானால் வலிக்கும். உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள்.

ஒரு ஓணம் கழிந்த வாரத்தில் வன்னியராஜ் வேலை செய்த அடுக்குமாடிக் கட்டடத்தில் சாரம் சரிந்தது. அவர் முதுகு அடிபட விழுந்தார். முதுகெலும்பில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு அறவே போய்விடவில்லை, நகரத்து ஆஸ்பத்திரியில் கருவிகளில் நிறுத்தி விடாமல் பழக்கினால் ஒரு வருஷத்துக்குள் வர வேண்டிய பலம் வந்துவிடும், அதற்குப் பிறகு வருவது அபூர்வம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வாரத்தில் மூன்று நாள் வரவேண்டும். முதல் இரண்டு மாதத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கால் ஒரு அடி முன்னால் போனது. அன்றைக்கு ஜெயபாய் ஆபீசில் வேலையே செய்யவில்லை, எல்லார் மேஜைக்கும் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குள்தான் அந்த ரோடு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. எங்கள் பட்டியலில் அதற்குப் 'பெரிய மாவட்டச் சாலை' என்று பெயர். பெயருக்கு ஒன்றும் குறைச்சலில்லை. தார் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆபரேஷன் ஆன முதுகோடு ஆட்டோவில் அதில் இறங்குவது என்றால் ஒவ்வொரு குழியும் நேராக அந்தக் கம்பியில் போய் இடிக்கும். வன்னியராஜ் துண்டை வாயில் கவ்விக்கொண்டு வருவார். ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தால் வலியில் காலைத் தூக்கவே முடியாது. பாதி நாள் பயிற்சி கொடுக்காமல் படுக்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ரோட்டில் ஏறி வரும் ஒரே ஆட்டோக்காரர் ஆறுமுகநயினார். திருநெல்வேலியிலிருந்து வந்து கல்லாற்றில் ஊன்றிவிட்ட மனுஷர், வன்னியராஜுக்குக் கூடப்பிறக்காத அண்ணன். அவர் வண்டியே மாதத்துக்கு ஒரு தடவை ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

“நெடுமங்காட்டிலேயோ இங்கேயோ ஒரு வாடகை வீடு பாக்கப்படாதோ?” என்று நான் அவளைக் கேட்டேன்.

“பாக்காம இருப்போமா மேடம்? அந்த வீட்ட வித்தாத்தான் இஞ்ச ஒண்ணு எடுக்க ஒக்கும். வாங்க வந்த ஆளு கல்லாத்துலயே எறங்கி, ரோட்டப் பாத்துட்டு அப்பிடியே திரும்பிப் போயிட்டாவ. வீட்ட வந்து பாக்கவே இல்ல.”

எல்லாத்துக்கும் அந்த ரோடுதான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் துறைக்கு ஞானோதயம் வந்தது. எந்த ரோட்டுக்கு எப்போது தார் போடுவது என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று எங்களிடம் பழசாக இருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கம்பெனியைப் பிடித்தார்கள். அங்கிருந்து வந்தவன் சுமந்த். எங்கள் ஊர்க் கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பையன்தான், அவன் அத்தையும் நானும் ஒரே கிளாஸ். கூட்டத்தில் என்னை ‘மேடம்’ என்பான், தனியாக இருந்தால் ‘மாமி’. கெட்டிக்காரன், குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வில்லன் கிடைக்காத கதையைச் சொல்வது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தான். பழைய ஏற்பாடு ரொம்பச் சுலபம். ரொம்ப மோசமான ரோடு எதுவோ அதுக்கு முதலில் தார். புதியது அப்படியில்லை என்றான். திரையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினான். பருப்புவடை நன்றாக இருந்ததால் பாதிப்பேர் கோட்டைப் பார்க்கவில்லை. எங்கள் எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியர் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார். பிறகு புது ஏற்பாட்டுக்குப் புது அளவு வேண்டும் என்று வண்டியை மாநிலம் பூராவும் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

வண்டி மார்கழியில் கல்லாற்றுப் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் ஜெயபாய் வீட்டில் போய்ச் சொன்னாள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, யாரும் சொல்லலாம். வன்னியராஜ் ஆறுமுகநயினாரிடம் சொன்னார். ஆறுமுகநயினார் ஊரிடம் சொன்னார். திருவனந்தபுரத்திலிருந்து கேமரா வண்டி வருகிறது, நம் ரோட்டைப் படம் பிடித்து நேராக மேலே காட்டப் போகிறது என்று.

கேமரா வருகிறது என்றால் நம்மூர் ஆட்கள் என்ன செய்வார்கள்? ரோட்டுக் குழியில் வாழை நடுவார்கள். இங்கே அது கல்யாணத்துக்குத் தாலி மாதிரி. பத்திரிகைக்காரன் வந்து படமெடுப்பான், மறுநாள் மலையாளப் பேப்பரில் வரும், மந்திரிக்கு மூக்கு வேர்க்கும், ஒரு லோடு ஜல்லியாவது வந்து விழும். தப்பென்று சொல்ல முடியாது, பல இடத்தில் நடந்திருக்கிறது. பத்திரிகைக்காரன் கேமராவும் எங்கள் வண்டியின் கேமராவும் ஒன்று என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு குழி பாக்கியில்லாமல் நட்டிருக்கிறார்கள். வண்டி வந்த வாரம் கழித்து ஜெயபாய் என்னைக் கூப்பிட்டாள்.

“மேடம், இஞ்ச வந்து பாருங்க. எங்க ரோடாக்கும்.”

திரையில், ரோடு பிரியும் இடத்திலிருந்து மேலே வரைக்கும் வரிசையாக வாழை. தோரணம் கட்டாத குறை. ஒவ்வொரு கன்றிலும் சிவப்புத் துணி. முதல் வாழைக்குப் பக்கத்தில் ஆறுமுகநயினார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கையைக் கூப்பி நின்றார். ஜெயபாய்க்கு வாயெல்லாம் பல். “நல்லாத் தெரியுது இல்லியா மேடம்? எல்லாக் குழியும் தெரியுதே” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த படத்துக்குப் போனாள், அதற்கப்புறம் படமே இல்லை. முதல் வாழையிலேயே வண்டி திரும்பிவிட்டிருந்தது.

சுமந்தைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு தட்டுத் தட்டினான், முகம் மாறியது.

“மாமி, ஆப்பரேட்டர் இதில ‘தடங்கல்’னு அடிச்சிருக்கான். லேசர் கம்பி வாழையில இடிச்சா ஒடிஞ்சுபோகும், அதான் திரும்பியிருக்கான். அளவே எடுக்கல்ல.”

“எடுக்கல்லேன்னா என்ன போட்டிருக்கு அங்கே?”

“அளவு இல்லாட்டா போன தடவ அளவ சிஸ்டம் தானே எடுத்துக்கும்.”

போன தடவை அளவு எப்போது எடுத்தது? அந்த ரோட்டுக்குக் கடைசியாகத் தார் போட்ட மறுமாதம். வரைபடத்தைத் திறந்தால் ஜெயபாயின் ரோடு பளிச்சென்று பச்சையாக இருந்தது. பச்சை என்றால் நல்ல ரோடு, கைவைக்க வேண்டாம் என்று அர்த்தம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “யாருடா இவாளுக்கு வாழை நடச் சொன்னது? பேசாம இருந்திருந்தா அந்தக் குழி எல்லாம் அளவில வந்திருக்குமே” என்று கத்தினேன். பக்கத்து ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“வண்டி வருதுன்னு நான்தான் மேடம் சொன்னேன்” என்றாள் ஜெயபாய். இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியதற்கு என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கையால் மாற்றிவிடலாமே என்றால் முடியாது. புது ஏற்பாட்டில் வண்டி எடுத்த அளவைத் தவிர எதையும் ஏற்காது. அதற்கும் நியாயமான காரணம் உண்டு. முன்னெல்லாம் ஒரு போன் வந்தால் நல்ல ரோடு ராத்திரிக்கு ராத்திரி மோசமாகிவிடும், மோசமான ரோடு கேட்பாரற்றுக் கிடக்கும். அதைத் தடுக்கத்தான் பூட்டு. வண்டி இரண்டாம் தடவை போனால் மட்டுமே மாறும். வண்டியோ வடக்கே காசர்கோட்டில் இருந்தது.

நான் எழுதினேன், போன் செய்தேன், நேரில் போய் நின்றேன். ஒரு மேஜையில் பிடிகொடுக்காமல் பேசினார்கள், ஒரு மேஜையில் சிரித்தார்கள். வாழைக் கதை ஆபீஸ் பூராவும் பரவி, என்னைக் கண்டால் “குலை தள்ளியாச்சா மேடம்?” என்று கேட்கிற அளவுக்கு வந்தது. கேட்டவனுக்கு நான் விட்ட டோஸில் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. ஜெயபாய் தினமும் காலையில் வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவள் போய் உட்கார்ந்து யாருடைய ரோட்டுக்கோ குறி போட ஆரம்பிப்பாள். ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் என்பது இரண்டாகி, ஒன்றாகியிருந்தது. போய் வந்த மறுநாளெல்லாம் வன்னியராஜால் உட்காரக்கூட முடியவில்லை.

மே மாதக் கடைசியில், மழை பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வண்டி கிடைத்தது. நானும் ஜீப்பில் பின்னால் போனேன். அந்த ரோட்டில் ஏறி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. கம்பி வைத்த முதுகோடு ஒருத்தர் இதில் வாரம் மூன்று நாள் போனாரே என்று நினைத்தபோது அழுகை வந்தது. வழியில் வாழை இல்லை, பிடுங்கியிருந்தார்கள். ஆறுமுகநயினார் குழியோரம் நின்று, ஒரு கல்லைக்கூட யாரும் போட்டு மூடிவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தடவ தொட விடல மேடம். அப்படியே இருக்கு பாருங்க” என்றார் என்னிடம். அவர் குரலில் இருந்த மன்னிப்புக் கேட்கும் தொனி எனக்குத் தாங்கவில்லை.

வண்டி கடைசிவரை ஓடி அளந்தது. நான் ஜெயபாயின் வீட்டுக்குள் போனேன். நல்ல வீடு. சுவர் பூச்சு கண்ணாடியாக இருந்தது. கூடத்துச் சுவரோடு இடுப்பு உயரத்தில் இரும்புக் குழாய் பதித்திருந்தார்கள். வன்னியராஜ் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல, கூட வேலை பார்த்த பையன்கள் பதித்துக் கொடுத்தார்களாம்.

“வாங்க மேடம். எந்திரிச்சு நின்னு கும்பிடணும், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க” என்றார்.

“நீங்க உக்காருங்கோ, நான்தான் நிக்க முடியாம வந்திருக்கேன் ஒங்க ரோட்டில” என்றேன்.

சிரித்தார். பிறகு குழாயைப் பிடித்து எழுந்து காட்டினார். நின்றார், கால்கள் நடுங்கின. ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடிக்கு முன் ஜெயபாய் தாங்கிப் பிடித்துவிட்டாள். “விடுட்டி, மேடம் இன்ஜினியரு, அளவு பாக்காவ” என்றார். வியர்த்துக் கொட்டியது. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னும் மூணு மாசம் இருக்குல்லா? ரோடு மட்டும் வந்துட்டா தெனம் ஒருதரம்னாலும் போயிருவேன். வைராக்கியமாப் பண்ணிருவேன் மேடம்” என்றார். நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன்.

அளவு ஏறியது. ரோடு சிவப்பாக மாறியது. எங்கள் மாவட்டத்திலேயே அதைவிடச் சிவப்பு வேறில்லை என்று சுமந்தே சொன்னான். ஜெயபாய் வீட்டிலிருந்து உண்ணியப்பம் சுட்டுக்கொண்டு வந்து ஆபீஸ் பூராவும் கொடுத்தாள். ரோடு மோசம் என்று தெரிந்ததற்கு இனிப்புக் கொடுத்த ஒரே பெண் அவளாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டு தந்தாள்.

ஆடி மாதம், கொட்டுகிற மழையில் ஒரு காலை, புது ஏற்பாட்டை முதல் தடவையாக முழுசாக ஓட்டினார்கள். எந்தெந்த ரோட்டுக்கு எந்தெந்த வருஷம் தார் என்று ஐந்து வருஷத்துக்கான பட்டியல் வந்தது. முதல் வருஷத்தில் ஜெயபாயின் ரோடு இல்லை. அவள் திரையில் கீழே கீழே போனாள். இரண்டாவது வருஷத்தில் இல்லை. ஐந்தாவது வருஷத்திலும் இல்லை. திரும்ப மேலேயிருந்து பார்த்தாள். நான் அவள் கையிலிருந்து மௌஸை வாங்கி நானே பார்த்தேன்.

சுமந்த் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தப்பு எங்கேயோ இருக்கிறது, கண்டுபிடி என்றேன். அவன் கண்டுபிடிக்க எதுவுமில்லை என்பதுபோல் கீபோர்டைத் தள்ளி வைத்தான்.

“தப்பில்ல மாமி. அந்த ரோடு இப்ப தார் போட்டாப் போதும்கற நிலை தாண்டிடுத்து. அடியோட தோண்டிப் புதுசாப் போடணும். அந்தச் செலவில, லேசா வெடிச்சிருக்கற ரோடா ஏழெட்டு மடங்கு நீளத்துக்குக் காப்பாத்திடலாம். அதுகளை இப்ப விட்டா அதுகளும் இது மாதிரி ஆயிடும். சிஸ்டம் அதத்தான் பாக்கறது.”

“மோசமானதுக்குத்தானேடா முதல்ல பண்ணணும்?”

“பழைய சிஸ்டம் அப்படித்தான். பழசா இருந்தா இந்த ரோடு முதல் பக்கத்தில வந்திருக்கும்.” கொஞ்சம் தயங்கினான். “பின்னே, வண்டிகளும் கம்மி மாமி. அந்த ரோட்டில ஒண்ணு ரெண்டு ஆட்டோ, பைக், அவ்வளவுதான் ஓடறது. வண்டி ஓடாத ரோட்டுக்குப் பலன் கம்மின்னு கணக்காகும்.”

“ரோடு இப்படி இருந்தா எவன் வண்டி ஓட்டுவான்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

“அது சிஸ்டத்துக்குத் தெரியாது மாமி” என்றான் சுமந்த். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

கணக்கு சரி. அதுதான் என் வயிற்றெரிச்சல். நான் எஞ்சினியர், எனக்கு அந்தக் கோடுகள் புரியும். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். வாழை நட்டிருந்தபோது ரோடு நன்றாயிருக்கிறது என்று தள்ளியது. வாழையைப் பிடுங்கி உண்மையைக் காட்டியதும், இவ்வளவு மோசமானதை எடுப்பதற்கில்லை என்று தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த ரோடு கொஞ்சமாக மோசமாக இருந்த காலம் ஒன்று இருந்திருக்கும். அப்போது யாரும் அளக்கவில்லை.

ஜெயபாய் பட்டியலை மூடினாள். “ஆஸ்பத்திரியிலயும் போன வாரம் இதத்தான் மேடம் சொன்னாவ” என்றாள். “ஒழுங்கா வாற ஆளுகளுக்கு நேரம் குடுத்தா அவியளாவது நடந்துருவாவ, இவியளுக்குக் குடுத்து வீணாக்க ஒக்காதுன்னு. வேற ஆளுக்கு அந்த நேரத்தக் குடுத்துட்டாவ.”

நான் எழுந்து எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியர் அறைக்குப் போனேன். சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “ராஜஸ்ரீ, எண்டெ அம்மையுடெ வீட்டிலேக்குள்ள ரோடும் லிஸ்டிலில்லா” என்றார். தம் அம்மா வீட்டு ரோடுகூடப் பட்டியலில் இல்லையாம். வாயுள்ளவள் என்று பெயரெடுத்தவள், வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் ஜெயபாய் வழக்கம்போல் வந்தாள்.

“வீட்டில சொல்லிட்டயா?” என்றேன்.

“சொல்லிட்டேன் மேடம்.”

“என்ன சொன்னார்?”

“வாழய நடாம இருந்தா கெடச்சிருக்குமோன்னு மட்டும் கேட்டாவ. இல்ல, அப்பவும் கெடச்சிருக்காதுன்னு சொன்னேன். நயினாரண்ணன்ட்ட அதச் சொல்லிரு, பாவம் மனசுல வச்சிட்டு அலையுதாருன்னு சொன்னாவ.”

அதற்குப் பிறகும் அவர்கள் விட்டுவிடவில்லை. யாராவது வராத நேரம் கிடைக்கும் என்று இரண்டு தடவை நயினார் ஆட்டோவில் மெத்தை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டாவது தடவை திரும்பும்போது வழியில் வன்னியராஜுக்கு நினைவு தப்பியது. முதுகில் வைத்த கம்பி அசைந்திருக்கிறது என்றார்கள். இனி இந்த ரோட்டில் கொண்டுவராதீர்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அடுத்த ஓணம் வந்தது. டாக்டர் சொன்ன ஒரு வருஷம் முடிந்தது. ஆபீசில் பூக்கோலம் போட்டார்கள், அவளும் உட்கார்ந்து பூ கிள்ளிக் கொடுத்தாள்.

சுவரில் பதித்த குழாய் அப்படியே இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். அதில் துணி காயப்போடுகிறேன் என்றாள். அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வர இப்போது ஆள் வேண்டும். குறும்பெல்லாம் போய்விட்டது மேடம் என்றாள் ஒரு தடவை, அவ்வளவுதான். நானாக அதிகம் கேட்பதில்லை. கேட்டால் நான்தான் அழுகிறேன், அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அது என்ன நியாயம்?

இந்த வருஷம் புது ஏற்பாட்டுக்கு வண்டிகளின் எண்ணிக்கையைப் புதுப்பித்தார்கள். ரோடு ரோடாக ஒரு வாரம் கேமரா வைத்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணி அனுப்பியிருந்தார்கள். சரிபார்த்து ஏற்பது ஜெயபாயின் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ரோடாக வந்தது. அவளுடைய ரோடும் வந்தது. போன தடவையைவிட வண்டிகள் குறைந்திருந்தன. குறைந்தால் சிஸ்டம் கேட்கும், இந்த எண்ணிக்கை சரிதானா என்று. கேட்டது.

ஜெயபாய் கேமராப் படங்களைத் திறந்து முதலிலிருந்து பார்த்தாள். பைக்குகள், ஒரு பால் வண்டி. நயினாருடைய ஆட்டோ அதில் இல்லை. அவர் அந்த ரோட்டில் ஏறுவதை நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன, ஏற்றி இறக்க ஆள் யாரும் அங்கே இல்லை.

“சரியாத்தான் எண்ணியிருக்காவ மேடம்” என்றாள். “நாங்க இப்ப போறதில்லியே. கொறஞ்சது நாங்கதான்.”

இதனால் அந்த ரோடு பட்டியலில் இன்னும் கீழே போகும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஏத்துக்கிடவா மேடம்?” என்று கேட்டாள்.

பொய் ஒன்றும் அதில் இல்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. “ம்” என்றேன். அவள் பட்டனை அழுத்தினாள், அடுத்த ரோடு வந்தது.